துருவக் கப்பல் புறப்பட்ட கரைகள்

துருவப் பிரயாண நூல்களை வாசிக்கிறவர்களில் பெரும்பாலோர் முதல் சில அத்தியாயங்களை விரைவாகப் புரட்டிவிட்டு, பனிக்கட்டி கண்ணில் படும் பக்கத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் நிமிர்ந்து உட்காருகிறார்கள். எனக்கோ நெடுங்காலமாகவே அந்த முதல் அத்தியாயங்களில்தான் மனம் லயித்திருந்தது. எந்த மரத்தால் கப்பலைக் கட்டினார்கள், எத்தனை நாய்களை ஏற்றினார்கள், எத்தனை வருஷத்துக்கு மாவும் மண்ணெண்ணெயும் சேகரித்தார்கள், எந்த வீட்டை அடமானம் வைத்துப் பணம் புரட்டினார்கள் என்னும் விவரங்களைப் படிக்கையில் உண்டாகும் பரவசம், கொடி நாட்டிய காட்சியைப் படிக்கையில்கூட எனக்கு உண்டானதில்லை. ஆகையால் நார்வே தேசத்தைக் காணும் பாக்கியம் கிட்டியபோது, நள்ளிரவுச் சூரியனைத் தேடி வடக்கே போகிற கூட்டத்தை விட்டுப் பிரிந்து, ‘ஃப்ராம்’ என்னும் ஒரே கப்பல் உருவாகி, நிரப்பப்பெற்று, கடைசியாக நாய்களையும் ஏற்றிக்கொண்டு 1910-ஆம் ஆண்டு கடலோடியதுவரை அதைச் சேர்ந்த காரியங்கள் நடந்த துறைகளையும் வீடுகளையும் பார்த்து வருவதென்று நிச்சயித்தேன்.

லார்விக்

பீச் மரக் காடு ஒன்றைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு ஃபியோர்டை நோக்கிச் சரிந்திருக்கும் சிறிய பட்டினம் லார்விக். துறைமுகச் சுவரிலும் வீட்டுப் படிகளிலும் பூங்கா ஆசனங்களிலும் நீலச் சுடர் தெறிக்கும் ஒருவகைக் கருங்கல்லைக் கண்டு நின்றேன். நம் நாட்டில் புதுவீட்டுச் சமையல் மேடைகளில் ‘புளூ பேர்ல்’ என்று சொல்லிப் பதிக்கிறார்களே, அந்தக் கல்லின் பிறந்தகம் இவ்வூர்தான் என்பதும், இவ்வூரின் பெயராலேயே அதை லார்விகைட் என்று வழங்குகிறார்கள் என்பதும் அங்கே போன பிறகே தெரியவந்தன. ஆனி மாதத்து வெயில் இரவு பத்து மணிக்கும் அந்தக் கல்லின்மேல் கிடந்தது. சூரியன் மாலையிலேயே அஸ்தமித்துவிடும் தேசத்திலிருந்து போனவனுக்கு, பகல் என்பது முடிய மனமில்லாமல் நீண்டுகொண்டே போவது முதல் நாள் வியப்பாகவும் மறுநாள் களைப்பாகவும் இருந்தது.

ஸ்காட்லாந்திலிருந்து வந்து குடியேறிய பெற்றோருக்கு 1832-இல் இவ்வூரில் பிறந்தவர் காலின் ஆர்ச்சர். கடலில் தத்தளிக்கும் மீனவர்களைக் காப்பாற்றச் செல்லும் மீட்புப் படகுகளை வடிவமைத்தவர் என்னும் கீர்த்தியே இந்தக் கரையோரத்து ஜனங்களின் நாவில் முதலில் வருகிறது. துருவக் கப்பல் இரண்டாவதாகத்தான் வருகிறது. கரையோரத்துப் படகுச் சாலை ஒன்றில், ஆர்ச்சர் முறைப்படி இரு முனையும் கூராக அமைந்த பழைய படகைக் கரையேற்றிப் பலகை மாற்றிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். எழுபது வயதைத் தாண்டியவர். திருத்தமான ஆங்கிலத்தில், வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விட்டுப் பேசினார். நான் தேடி வந்த விஷயத்தைச் சொன்னதும் பதில் ஏதும் கூறாமல், சுவரோரம் சாத்தியிருந்த இரண்டு ஓக் பலகைகளை என் முன் நிறுத்தி, விரலை மடக்கித் தட்டிப் பார்க்கச் சொன்னார். ஒன்று கணீரென்று ஒலித்தது. மற்றொன்று மந்தமாக முனகியது. ஒலித்த பலகை அவருடைய தகப்பனார் காலத்தில் வெட்டியதாம். முனகியதை இன்னும் சில வருஷங்கள் தொடப்போவதில்லையாம். “மரத்துக்குக் காலம் கொடுக்காதவன் கப்பல் தொழிலுக்கு வரக்கூடாது” என்று சொல்லிவிட்டு, பலகையின் இணைப்புகளில் தார்க்கயிற்றைச் செலுத்திக் கலப்பற்று அடிக்கும் வேலைக்குத் திரும்பிவிட்டார். தூத்துக்குடியில் தோணி கட்டும் தச்சர்கள் உளியையும் சுத்தியலையும் பிடிக்கும் அதே பிடியை அவர் கையில் கண்டேன்.

அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கு ‘ஃப்ராம்’ முழுவதுமே பாஷ்யம் என்று சொல்லலாம். 1881-இல் சைபீரியாவுக்கு வடக்கே பனிக்கட்டியால் நெருக்குண்டு ‘ஜானெட்’ என்னும் அமெரிக்கக் கப்பல் மூழ்கிப் போயிற்று. மூன்று வருஷங்களுக்குப் பின் அந்தக் கப்பலைச் சேர்ந்த பொருள்கள் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையருகே மிதந்து வந்தன. பனிப் பரப்பே துருவத்தின் வழியாக மெல்ல நகர்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டாம் என்று கருதிய ஃப்ரித்யோஃப் நான்சென் என்ற இளைஞர், பனியோடு போராடுவதை விட்டுப் பனியிடமே கப்பலை ஒப்புவித்து அதன் முதுகில் பிரயாணம் செய்வது என்னும் அபூர்வமான யோசனையை வெளியிட்டார். அக்காலத்தில் துருவ அனுபவத்தில் பெயர் பெற்றிருந்த அமெரிக்கத் தளபதி கிரீலி அதை அறிவீனம் என்றே கண்டித்து எழுதினார். நார்வே நாடாளுமன்றமோ 2,80,000 குரோனர் வழங்க இசைந்தது. நெருக்கும் பனி பற்றிக்கொள்ள இடமில்லாமல் வழுக்கிக் கீழே போக, கப்பல் மேலே எழும்ப வேண்டும் என்பது நான்சென் விதித்த நிபந்தனை. அதற்கேற்ப, தேங்காய் மூடியைப்போல் அடி உருண்டு, நீளத்தை நோக்க மிகுந்த அகலம் கொண்டு, சுமார் 39 மீட்டர் நீளமும் 11 மீட்டர் அகலமுமாக ஒரு கலத்தை ஆர்ச்சர் வரைந்தார்.

அதன் வங்குகளுக்கு வேண்டிய ஓக் மரம் இத்தாலியிலிருந்து நார்வே கடற்படைக்காக வந்து, ஹோர்ட்டென் கப்பல் தளத்தில் சுமார் முப்பது வருஷம் கூரையின் கீழ் உலர்ந்து கிடந்தது. நான்சென் பிறந்ததே 1861-இல்தான் என்பதை நினைக்கும்போது, அந்த மனிதரும் அந்த மரமும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பக்குவப்பட்டு வந்தார்கள் என்று எனக்குத் தோன்றியது. இணைப்பு முட்டுகளுக்கு வேரோடு கூடிய மரத்தின் இயற்கை வளைவையே தேடியெடுத்தார்கள். வங்குகளுக்கு இடையே தாரும் மரத்தூளும் கலந்து அடைத்து, வெளியே ஓக் பலகை இரண்டு அடுக்கு அறைந்து, அதற்கும் மேலே தென்னமெரிக்கக் கயானாவின் காடுகளில் விளையும் கிரீன்ஹார்ட் என்னும் வைரம் பாய்ந்த மரத்தைத் தோலாகப் போர்த்தினார்கள். பனி அந்தத் தோலை உரித்தெறிந்தாலும் உள்ளே கப்பல் பழுதுபடாது. குளிரையே அறியாத வனத்தின் மரம், மாதக்கணக்கில் சூரியன் உதிக்காத கடலுக்குக் கவசமாகப் போயிற்று. 1892 அக்டோபர் 26-ஆம் தேதி ரெக்கேவிக் துறையில் நான்செனின் மனைவி ஏவா கப்பலுக்குப் பெயர் சூட்ட, ‘ஃப்ராம்’ நீரில் இறங்கியது. இன்று அங்கே நின்று பார்க்கிறவனுக்கு அமைதியான வளைகுடாவும், சில உல்லாசப் படகுகளும், நீர்க்காகங்களும் தவிர வேறொன்றுமில்லை.

பெரியவரின் வீட்டில் பிற்பகல் காபிக்கு அழைத்தார்கள். இதயவடிவாக வார்த்த வாஃபிள் அப்பத்தின்மேல் புளித்த பாலேட்டையும் ஸ்ட்ராபெரிப் பழப்பாகையும் இட்டு வீட்டு அம்மாள் கையில் கொடுத்தபோது, இரண்டு நாளாகக் குளிர்ந்த ரொட்டியையே காலை ஆகாரமாக உண்டு வாடியிருந்த எனக்கு, சூடான பண்டத்தைக் கண்ட திருப்தியிலேயே பாதிப் பசி தணிந்தது. பழுப்புப் பாலாடைக்கட்டி என்று அவர்கள் சீவித் தருவது, நம் பால்கோவாவில் உப்புக் கலந்தாற்போன்ற ஒரு சுவை. மூன்றாவது துண்டில்தான் அதன் அருமை நாவுக்குப் புலப்படுகிறது.

பிக்டோய்

ஆஸ்லோ நகரின் எதிரே கடலுக்குள் நீண்டிருக்கும் பிக்டோய் தீபகற்பத்தில், கூரையே சுவராகத் தரைவரை இறங்கும் முக்கோண மண்டபம் ஒன்றை எழுப்பி, அதனுள் முழுக் கப்பலையும் 1936 முதல் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். தேவாலயத்துக்குள் நுழைகிறவர்களைப்போல் உள்ளே வருகிறவர்களின் குரல் தானாகவே தாழ்ந்துவிடுகிறது. முகப்பைத் தொட்டுப் பார்க்கலாம். இரும்புப் பட்டைகள் குறுக்கே அணிவகுத்திருக்கும் அந்த மரத்தில் கை வைத்தபோது, இரண்டடிக்கும் மேற்பட்ட திண்மை உள்ளே இருக்கிறது என்பதை உள்ளங்கையே உணர்ந்தது.

கப்பலின் உள்ளே இறங்கிச் சென்றால், நடுவில் ஒரு கூடம். அதைச் சுற்றி நான்கு தனி அறைகளும், பலர் சேர்ந்து படுக்கும் இரண்டு அறைகளும். குளிர் புகாதபடி தார் தோய்ந்த கம்பளம், தக்கை, கலைமானின் மயிர், லினோலியம், பலகை என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவர்களை அமைத்திருக்கிறார்கள். 1893 ஜூன் 24-ஆம் தேதி, ஐந்து வருஷத்து உணவோடு பதின்மூன்று பேர் இதில் புறப்பட்டு, மூன்று வருஷம் பனியில் சிக்கி, மேல்தளத்தில் நிறுத்திய காற்றாலையால் மின்விளக்கேற்றிப் புத்தகம் வாசித்துக்கொண்டு, ஒருவரையும் இழக்காமல் திரும்பினார்கள். ஆர்ச்சரின் உருண்டை வடிவம் பனியில் வென்றது. திறந்த கடலில் அதுவே கப்பலைத் தாலாட்டி வதைத்தது. நான்செனே கடல் நோயால் படுத்துவிட்டார் என்று படித்தபோது, ஒரு குணத்தைப் பெறுவதற்காக மற்றொரு குணத்தை மனமறிந்து கைவிடும் துணிவே சிறந்த தச்சனுக்கு அடையாளம் என்று எண்ணிக்கொண்டேன்.

என் மனம் அதிகமாக நாடியது, பின்னாளில் இதே கப்பலில் தென்முனைக்குச் சென்ற நார்வே யாத்திரிகர் அமுண்ட்செனின் 1910-ஆம் வருஷத்து ஆயத்தங்களை. நீராவி யந்திரத்தை எடுத்துவிட்டு ஸ்டாக்ஹோமில் செய்த 180 குதிரைச் சக்தி டீசல் யந்திரத்தைப் பொருத்தினார்கள். நிலக்கரியை எரித்து நீராவி கிளம்பும்வரை காத்திருக்கும் தொல்லை ஒழிந்தது. இறைச்சியை உலர்த்திப் பொடித்துக் கொழுப்புடன் சேர்க்கும் பெமிக்கன் என்னும் கட்டுணவில், சோஃபஸ் டோருப் என்ற பேராசிரியரின் ஆலோசனைப்படி காய்கறியையும் ஓட்ஸ் மாவையும் கூட்டினார்கள். மண்ணெண்ணெய் டின்களிலும் அமுண்ட்செனின் கவனம் சென்றது: வடமேற்குக் கடல்வழியைக் கடந்த முந்தைய பிரயாணத்தில் டின்கள் மூட்டுவாயில் கசிவதைக் கண்டிருந்தபடியால், மூட்டுகளைப் பற்றாசு வைத்து அடைக்கச் செய்தார். இதே காலத்தில் தென்முனைக்குச் சென்ற ஸ்காட்டின் குழுவினர் திரும்பும் வழியில் தாங்கள் வைத்துவிட்டுப் போன எண்ணெய் குறைந்திருப்பதைக் கண்டு தவித்தார்கள் என்பதை அறிந்தவர்கள், அந்தச் சிறு ஈயப் பூச்சை அலட்சியமாகப் பார்க்க மாட்டார்கள்.

சமையலறையின் முன்னே என்னோடு நின்ற ஓய்வுபெற்ற மாலுமி ஒருவர், “கப்பலில் காப்டனுக்கு அடுத்த பதவி சமையற்காரனுக்குத்தான்” என்று மிகவும் சிரத்தையோடு சொன்னார். தென் கண்டத்தில் அமுண்ட்சென் குழுவினர் தங்கிய குடிசையில் லிண்ட்ஸ்ட்ரோம் என்ற சமையற்காரர் தினந்தோறும் காலையில் சுட்டுப் போட்ட பக்வீட் அப்பங்களையும், கடல்நாய் இறைச்சியையும், முழுத் தானிய ரொட்டியையும் உண்டவர்களில் ஒருவருக்கும் ஸ்கர்வி நோய் காணவில்லை.

லைசேக்கர்

நகரின் மேற்கே லைசேக்கரில் நான்சென் தமக்கென்று கட்டிக்கொண்ட போல்ஹ்யோக்டா மாளிகை இருக்கிறது. கோபுரத்தோடு கூடிய செங்கல் வீடு. தோட்டத்திலேயே அவருடைய சமாதியும் இருக்கிறது. தென்முனைக்குத் தாமே போகவேண்டும் என்று நெடுநாள் கனவு கண்ட அவர், அந்தக் கனவை ஒதுக்கிவைத்து, வடதுருவப் பனியில் மீண்டும் மிதந்து ஆராய்ச்சி செய்வதாகச் சொன்ன அமுண்ட்செனுக்குக் கப்பலைக் கொடுத்தார். கொடுத்த கையின் மேன்மையை அந்த மரங்களின் நிழலில் நிற்கும்போது நன்றாக உணர முடிந்தது. அடுத்து நான் போன இடத்தில், வாங்கிய கையைப் பற்றி யோசிக்க வேண்டியதாயிற்று.

புன்னெஃபியோர்டு

ஆஸ்லோவுக்குத் தெற்கே ஃபியோர்டின் ஒரு கிளை குறுகி உள்ளே ஓடுகிறது. பைன் மரங்கள் நீர்வரை இறங்கி நிற்கும் அந்தக் கரையில், ஸ்வார்ட்ஸ்கூக் என்னுமிடத்தில், அமுண்ட்சென் 1908-இல் வாங்கிய ‘உரானியன்போர்க்’ என்ற மரவீடு இருக்கிறது. 1928 ஜூன் மாதம், வடக்கே வான்கப்பலோடு காணாமற்போனவர்களைத் தேடப் புறப்பட்டுத் தாமும் திரும்பாமற்போன அந்த மனிதர் விட்டுச்சென்ற நிலையிலேயே வீடு இன்றுவரை காக்கப்படுகிறது. சுற்றிக்காட்டிய அம்மாள், விருந்தாளி வீட்டில் நடப்பதுபோல் மெல்ல அடி வைத்து நடந்தார். நாற்காலி ஒன்றை நான் தாண்டியபோது, என் சட்டை நுனி அதில் படாமல் தம் கையால் மறைத்துக்கொண்டார். படுக்கையறை கப்பல் அறையைப்போலவே சிறியது.

தோட்டத்துக்கு அழைத்துப்போய், கடலைப் பார்த்த சமதரையைக் காட்டி, “வீடு இங்கேதான் நின்றது” என்றார். 1910-ஆம் வருஷ வசந்தத்தில், ஹான்ஸ் ஸ்டுப்பெருட், யோர்கென் ஸ்டுப்பெருட் என்னும் தச்சுச் சகோதரர்கள் எட்டு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் கொண்ட ஒரு குடிசையை இத்தோட்டத்தில் முழுமையாக எழுப்பி, கதவு ஜன்னல் பொருத்தி, படுக்கைகள் அமைத்து, எல்லாம் சரியாக இருக்கிறதென்று கண்டபின், ஒவ்வொரு பலகைக்கும் அடையாளமிட்டுப் பிரித்துக் கப்பலில் ஏற்றினார்கள். தரையைக் கழுவும்போது இடைஞ்சலாக இராதபடி சாப்பாட்டு மேஜையைக் கயிற்றால் கூரைவரை தூக்கிவிடவும் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆளில்லாத கண்டத்தில் ஒன்பது பேர் குளிர்காலத்தைக் கழிக்கப்போகும் இல்லத்தில் தரையைக் கழுவும் வசதி வேண்டும் என்று இந்தத் தோட்டத்திலேயே சிந்தித்தவருடைய சூக்ஷ்ம புத்தியை என்னவென்று சொல்வது!

ஆனால் யோசித்துப் பாருங்கள்: பனியில் கப்பலோடு மிதந்து செல்லப் புறப்படுகிறவர்களுக்கு வீடு எதற்கு? கப்பலே வீடல்லவா? 1909 செப்டம்பரில் குக் என்பவர் ஒருபுறமும் பியரி என்பவர் ஒருபுறமும் வடதுருவத்தை அடைந்ததாக அறிவித்தபோதே அமுண்ட்செனின் சித்தம் தெற்கே திரும்பிவிட்டது. அண்ணன் லியோன், கப்பலின் துணைத் தலைவர் நில்சென் முதலிய மிகச் சிலருக்கு மட்டுமே அந்த ரகசியம் தெரியும். பணம் கொடுத்தவர்களுக்கும், கப்பல் கொடுத்த நான்செனுக்கும், உடன் வரும் மாலுமிகளுக்கும் வாயால் வடக்கு என்று சொல்லிக்கொண்டே, கையால் தெற்குக்கு வேண்டியதையெல்லாம் அவர் சேகரித்தார். வீட்டுக்கு ‘கண்காணிப்பு நிலையம்’ என்று பெயர் வைத்துச் சமாளித்தார். இருந்தாலும் அந்த மரப்பலகைகள் உண்மையையே பேசிக்கொண்டிருந்தன, கேட்க ஆளில்லை.

அவர் கூறிய சமாதானம் நானும் அறிந்ததே. சொல்லியிருந்தால் தடுத்திருப்பார்கள்; கடன்காரர்கள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்; வீடே அடமானத்தில் இருந்தது. ஆனாலும் மண்ணெண்ணெய் டின்னின் மூட்டுவாயில்கூட ஒரு துளி ஒழுகக்கூடாதென்று கவலைப்பட்ட மனிதர், தமக்காகத் தம் வாழ்நாள் ஆசையையே விட்டுக்கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருக்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். முன்பே தெரிந்திருந்தால் தம்மிடமிருந்த திட்டங்களையும் கணக்குகளையும் கொடுத்திருப்பேனே என்று நான்சென் வருந்தியதாகச் சொல்வார்கள். இதை அந்த அம்மாளிடம் சொன்னபோது அவர் மறுக்கவுமில்லை, ஒப்பவுமில்லை, “பதினெட்டு வருஷம் கழித்து இதே வாசலிலிருந்துதான், தமக்குப் பிடிக்காத ஒரு மனிதரைக் காப்பாற்றப் போனார். அதையும் சேர்த்து எழுதுங்கள்” என்றார். ஆகவே எழுதுகிறேன். வான்கப்பலோடு காணாமற்போன இத்தாலியர் நோபிலேயோடு அமுண்ட்செனுக்கு இருந்த மனஸ்தாபம் ஊரறிந்தது.

1910 ஜூன் 7-ஆம் தேதி, நள்ளிரவின் மங்கிய வெளிச்சத்தில், ஆரவாரமில்லாமல் ‘ஃப்ராம்’ இந்தத் துறையை விட்டு நகர்ந்தது.

கிறிஸ்டியான்சாண்ட்

தென்கோடித் துறைமுகமான கிறிஸ்டியான்சாண்டுக்கு வந்து சேர்ந்தபோது நல்ல மழை. மீன் அங்காடிக்குப் பக்கத்தில் ஒரு கடையில், பாலேடும் வெங்காயத் தாளும் மிதக்கும் மீன் சூப்பைச் சுடச்சுடக் கொடுத்தார்கள். புளியும் மிளகாயும் காணாத மீனை எப்படி உண்பது என்று தயங்கியவன், இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். கடலிலிருந்து அன்று காலை வந்த மீனுக்கு மசாலா துணை வேண்டியதில்லை என்று கடைக்காரப் பெண் சொன்னது முற்றிலும் நியாயம்.

துறைமுகத்துக்கு வெளியே, பழைய கோட்டையின் இடிபாடுகளைச் சுமந்துகொண்டு ஃப்ரெட்ரிக்ஸ்ஹோல்ம் என்ற தீவு கிடக்கிறது. கிரீன்லாந்திலிருந்து வந்த 97 நாய்களை 1910-ஆம் வருஷக் கோடையில் இந்தத் தீவில்தான் இறக்கி, கப்பல் வரும்வரை தின்னக் கொடுத்துத் தேற்றினார்கள். மழை விட்ட பிறகு படகோட்டி ஒருவர் என்னைத் தீவுக்கு அழைத்துச் சென்றார். வழுக்கும் பாறை, முழங்காலளவு புல், இடிந்த மதில். மதிலின் உட்புறத்தில் காற்றுப் படாத ஒரு மூலையில் நின்று பார்த்தேன். கடற்பிரயாணத்தில் மெலிந்த பிராணிகளுக்கு ஏற்ற இடந்தான். படகோட்டி தாமாகவே ஒரு கேள்வி கேட்டார்: “அலாஸ்காவிலேயே நாய் கிடைக்குமே! தென்னமெரிக்காவைச் சுற்றிப் பேரிங் ஜலசந்திக்குப் போவதாகச் சொன்ன மனிதர், உலகத்தைச் சுற்றியா நாய்களைக் கொண்டு போவார்?” இதே கேள்வியை அக்காலத்துப் பத்திரிகைகளும் கேட்டன; மாலுமிகளும் தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். தோட்டத்தில் நின்ற வீடு ஒரு சாட்சி என்றால், தீவில் ஊளையிட்ட நாய்கள் மற்றொரு சாட்சி.

நாய்களின் விஷயத்தில் அமுண்ட்சென் எடுத்துக்கொண்ட சிரத்தை எல்லையில்லாதது. மேல்தளத்தின்மேல் சிறிது இடைவெளி விட்டு மற்றொரு தளம் பரப்பி, கடல்நீரும் அழுக்கும் அடியில் ஓடிவிடும்படி செய்தார். பூமத்தியரேகை வெயிலுக்குத் துணிப்பந்தல் கட்டினார். இன்னார் பொறுப்பில் இந்த நாய்கள் என்று ஆட்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். அதன் பயனாக, 97 நாய்களோடு புறப்பட்ட கப்பல் வழியில் பிறந்த குட்டிகளையும் சேர்த்து 116 நாய்களோடு தென் கண்டத்தை அடைந்தது. பின்பு 52 நாய்கள் துருவ யாத்திரையில் சென்று 11 மட்டுமே திரும்பின. மற்றவற்றில் பெரும்பாலானவை, திட்டமிட்டபடியே கொல்லப்பட்டு மனிதருக்கும் நாய்களுக்கும் உணவாயின. இந்தக் கணக்கும் புறப்படுமுன் போட்ட கணக்குத்தான். அந்த நேர்த்தியான துணிப்பந்தலை நினைத்துப் பூரித்த உள்ளம் இந்தக் கணக்கை நினைத்ததும் ஒடுங்கிப்போகிறது. இரண்டும் ஒரே மனிதருடைய ஒரே சிரத்தையிலிருந்து பிறந்தவை என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு வெகுநேரமாயிற்று.

ஆகஸ்டு 9-ஆம் தேதி நாய்களை ஏற்றிக்கொண்டு கப்பல் கிளம்பியது. ஆயினும் ஆயத்தம் அன்றோடு முடியவில்லை. மதீரா தீவின் ஃபுஞ்சல் துறையில் நன்னீரும் காய்கனிகளும் நிரப்பிக்கொண்ட பின், செப்டம்பர் 9-ஆம் தேதி அமுண்ட்சென் எல்லோரையும் மேல்தளத்தில் கூட்டி, தென்முனைக்குப் போகிறோம் என்று முதல்முறையாக அறிவித்து, வர இசைகிறீர்களா என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்டார். ஒருவர்கூட மறுக்கவில்லை. வீட்டாருக்கு எழுதிய கடிதங்களை ஒப்படைத்தார்கள். அவற்றை வாங்கிக்கொண்டு லியோன் கரையேறினார். ஜூன் மாதமே கார்டிஃப் துறையிலிருந்து ‘டெர்ரா நோவா’வில் தம் குழுவை அனுப்பியிருந்த ஸ்காட்டுக்கு, ‘ஃப்ராம்’ தென் கண்டத்துக்குப் போகிறதென்று ஒரு தந்தி அனுப்பும் பொறுப்பும் லியோனைச் சேர்ந்தது. எவரும் குறுக்கிட முடியாத தூரத்தைக் கப்பல் அடையும்வரை அவர் பொறுத்திருந்தார். அக்டோபர் 12-ஆம் தேதி ஸ்காட் மெல்போர்னை அடைந்தபோது அந்தத் தந்தி அங்கே அவருக்காகக் காத்திருந்தது.